வன்னி வெயிலில் வைன் முதிருமா?

விடியற்காலையில் பனையிலிருந்து இறக்கிய கள்ளு பத்து மணிக்கு ஒரு சுவை, மத்தியானம் இன்னொரு சுவை. பொழுதுபடும் நேரம் புளிப்பேறி வேறொன்றாகிவிடும். அடுத்த நாள் அது வினாகிரிக்குத்தான் உதவும். பூநகரி, பளை, முள்ளியவளைப் பக்கத்துத் தவறணைகளில் இதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலைக் கள்ளா மாலைக் கள்ளா என்று ஒரு மிடறிலேயே சொல்லிவிடுவார்கள். போர்த்துக்கல்லின் பைராடாப் பகுதியில் 'பாகா' என்ற திராட்சையில் ஒரு சிவப்பு வைன் செய்கிறார்கள். முதல் ஐந்தாறு வருடம் அதை வாயில் வைத்தால் முகம் கோணும். பதினைந்து, இருபது வருடம் போன பிறகுதான் இளகிக் கொடுக்கும். கள்ளிலும் வைனிலும் வெல்லத்தை அற்ககோலாக்குவது பெரும்பாலும் ஒரே இன மதுவம்தான். சக்கரோமைசிசு செரிவிசியே என்பது அதன் பெயர். அப்படியிருக்க ஒன்றின் ஆயுள் ஒரு நாளோடு முடிகிறது, மற்றது ஒரு தலைமுறை வாழ்கிறது.

கள்ளின் பக்கத்தை முதலில் பார்ப்போம். சீவிய பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வெல்லம் இருக்கும்; அதில் பெரும்பங்கு சுக்குரோசு. அமிலம் அனேகமாக இல்லை. பிஎச் பெறுமானம் 7க்கு அண்மையில் நிற்கும். வெல்லம் நிறைய, அமிலம் இல்லை, சூழலின் வெப்பம் 30 பாகை. நுண்ணுயிர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? முட்டியின் உட்சுவரில் முதல்நாள் மிச்சமாக ஒட்டியிருக்கும் மதுவமும் பற்றீரியாவும் சாறு விழுந்தவுடனேயே வேலையைத் தொடங்கிவிடும். கருப்பணி வேண்டுமென்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவது இதனால்தான். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையாக்கி நுண்ணுயிர்களை அடக்கிவிட, சாறு இனிப்போடு இறங்கும். சுண்ணாம்பில்லாத முட்டியில் ஒரு பக்கம் மதுவம் அற்ககோலைக் கூட்ட, மறுபக்கம் இலற்றிக் அமிலப் பற்றீரியா புளிப்பைக் கூட்டும். மரத்தைவிட்டு இறங்கும்போதே அது கள்ளாகிவிடுகிறது.

அற்ககோல் ஐந்து நூற்றுவீதம் அளவுக்கு ஏறியதும் மூன்றாவது கூட்டம் வந்து சேரும்: அசற்றிக் அமிலப் பற்றீரியா. இவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும். திறந்த முட்டியில் அதற்குப் பஞ்சமில்லை. அற்ககோலைத் தின்று வினாகிரியாக்கும் இந்தக் கூட்டத்தைத் தடுக்க ஐந்து நூற்றுவீத அற்ககோல் போதாது. போத்தலில் அடைத்து விற்கும் கள்ளு மாதக்கணக்கில் தாங்குகிறதே என்று கேட்கலாம். அதைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்று, காற்றுப் போகாமல் மூடுகிறார்கள். லூயி பாஸ்டர் 1860களில் இந்த முறையை வகுத்ததே பிரான்சில் வைன் கெட்டுப்போவதைத் தடுக்கத்தான். பாலுக்கு அது பிறகுதான் வந்தது. ஆனால் சூடாக்கிய கள்ளு அடைத்த அன்றைக்கு இருந்த சுவையைத் தாண்டி மேலே போவதில்லை. கெடாமல் நிற்கிறது, முதிர்வதில்லை.

தென்னிலங்கையில் தென்னையும் கித்துளும் சீவுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டிக்குள் 'ஹல்' என்ற மரத்தின் பட்டைத் துண்டு ஒன்றைப் போட்டுவிடுவார்கள். தாவரவியலில் அதன் பெயர் வட்டேரியா கொப்பலிபெரா. பட்டை கிடந்தால் சாறு நொதிப்பது மந்தமாகும், புளிப்பது பிந்தும். அந்தப் பட்டையில் செறிந்திருப்பவை துவர்ப்புப் பொருள்கள். கள்ளை ஒரு சில மணி நேரம் காப்பாற்றுகிற அந்தக் குடும்பத்துப் பொருள்கள்தான் வைனைப் பல வருடங்கள் காப்பாற்றுகின்றன.

இந்தத் துவர்ப்புப் பொருள்களைத் தனின் என்கிறது இரசாயனம். பூச்சி, பூஞ்சணம், மேயும் விலங்கு ஆகியவற்றிடமிருந்து தன்னைக் காக்க வேண்டிய இடங்களில், அதாவது பட்டையில், காயில், தோலில், விதையில் தாவரம் தனினைக் குவிக்கிறது. புரதத்தைக் கண்டால் தனின் விடாது பற்றிக்கொள்ளும். தோல் பதனிட ஆவாரம்பட்டை போடுவது இந்தக் குணத்துக்காகத்தான். நாக்கில் பட்டால் உமிழ்நீருக்கு வழுவழுப்பைத் தரும் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடும். வாய் உலர்ந்து உட்பக்கம் இழுபடும். மேலைநாட்டு உடலியல் நூல்கள் துவர்ப்பைச் சுவைகளில் சேர்ப்பதில்லை, தொடுகை உணர்வு என்று ஒதுக்கிவிடுகின்றன. எங்களுக்கு அது அறுசுவையில் ஒன்று. இலண்டனில் காசு கட்டி வைன் சுவைக்கும் வகுப்புக்குப் போய்ப் பழகுகிற உணர்வை இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாவல்மரத்தடியிலேயே கற்றுவிடுகிறார்கள். வெற்றிலை போடுகிற ஆச்சியிடம் பச்சைப் பாக்குக்கும் காய்ந்த பாக்குக்கும் துவர்ப்பில் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். தனினின் வகைகளைப் பற்றி அவரிடம் தெளிவான கருத்து இருக்கும்.

நாவற்பழம் இன்னொன்றையும் காட்டித் தரும். தின்றவரின் நாக்கு ஊதாவாகிறதல்லவா, அந்த நிறம் அந்தோசயனின். நாவற்பழத் தோலில் இருக்கும் டெல்பினிடின், பெற்றுனிடின், மல்விடின் வகை நிறங்களே சிவப்புத் திராட்சையின் தோலிலும் இருக்கின்றன. சிவப்பு வைன் செய்பவர் திராட்சையைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுப்பதில்லை. தோலோடும் விதையோடும் நசித்து அப்படியே நொதிக்க விடுகிறார். உண்டாகிற அற்ககோல் தோலிலிருந்து நிறத்தையும், தோல் விதை இரண்டிலிருந்தும் தனினையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. பாளைச் சாற்றுக்குத் தோலுமில்லை, விதையுமில்லை. பனையின் துவர்ப்பெல்லாம் வேறு உறுப்புகளில் தங்கிவிட, முட்டிக்குள் வெறும் இனிப்பு மட்டும் சொட்டுகிறது.

அடுத்தது அமிலம். திராட்சையில் தார்த்தாரிக் அமிலம் நிறைய உண்டு. பழங்களில் இது அபூர்வம். இதை இவ்வளவு வைத்திருக்கும் இன்னொரு பழம் எங்கள் குசினியில் பானைக்குள் இருக்கும் புளிதான். பெரும்பாலான பற்றீரியாக்களால் இந்த அமிலத்தைத் தின்று செரிக்க முடியாது. பழம்புளி வருடக்கணக்கில் கறுத்தாலும் கெடாமல் கிடப்பதற்கு இந்த அமிலமும் ஒரு காரணம். ஆக, நல்ல சிவப்பு வைன் போத்தலுக்குள் போகும்போது பிஎச் 3.5 அளவில் புளிப்பு, 13 அல்லது 14 நூற்றுவீதம் அற்ககோல், லீற்றருக்குக் கிராம் கணக்கில் தனின், மதுவம் தின்று முடித்துவிட்டதால் வெல்லம் அனேகமாகப் பூச்சியம், போதாதற்குக் காவலாகக் கொஞ்சம் கந்தகவீரொட்சைட்டு. நுண்ணுயிர்களுக்கு அங்கே வாழ்வில்லை. அவை விலகிய பிறகுதான் இரசாயனம் தன் பாட்டில் மெதுவாக வேலை செய்ய முடியும்.

இந்த வகை வைனுக்குப் போர்த்துக்கல் ஏன் பேர்போனது? உலகெங்கும் விற்பனையாகும் பிரெஞ்சுத் திராட்சைகளின் பின்னால் முழுதாகப் போகாமல், தன் சொந்த இனங்களை அது பிடித்து வைத்திருந்தது முக்கிய காரணம். டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளரும் தூரிகா நசியொனால் சிறிய பழம், தடித்த தோல். சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு அதிகம். ஆகவே நிறமும் தனினும் அதிகம். அந்தப் பள்ளத்தாக்கின் எல்லையைப் பொம்பால் பிரபுவின் அரசு 1756இலேயே குறித்துவிட்டது. வைனுக்கென்று சட்டத்தால் எல்லை வகுக்கப்பட்ட உலகின் மிகப் பழைய பகுதிகளில் அது ஒன்று. லிஸ்பனுக்கு அருகே கொலாரெஸ் என்ற கடற்கரையில் ரமிஷ்கு என்ற கொடி வெறும் மணலில் வளர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்த பைலொக்சரா பூச்சியால் மணலுக்குள் ஊர முடியவில்லை. ஐரோப்பாவின் மற்றத் தோட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுப் பிழைத்திருக்க, கொலாரெஸ் கொடி இன்றும் சொந்த வேரில் நிற்கிறது. அதன் வைன் இளமையில் கடுமையானது, நீண்ட காலம் தாங்கக்கூடியது.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்த கதை பார்க்கா வெல்யா. மேல் டூரோவில் கோடையில் 40 பாகை தாண்டும். நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்குகிற வேலை. தொட்டி 35 பாகைக்கு மேலே போனால் மதுவம் சோர்ந்து நின்றுவிடும், வாசனை ஆவியாகும், பற்றீரியா தலைதூக்கும். பெரெய்ரா நிறுவனத்தின் வைன் வல்லுநர் பெர்னாண்டோ நிக்கொலாவு தெ அல்மெய்தா 1952இல் அங்கே உயர்ந்த தரத்தில் சிவப்பு வைன் செய்யப் புறப்பட்டபோது தோட்டத்தில் மின்சாரம் கிடையாது. அத்திலாந்திக் கரையிலுள்ள மீன்பிடித் துறைமுகமான மத்தொசிஞ்ஞோசிலிருந்து ஐஸ் கட்டிகளைத் தருவித்துத் தொட்டிகளைக் குளிர்வித்தார். முல்லைத்தீவு வாடிகளில் ஐஸ் லொறியின் வரவைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு அந்த அவசரம் விளங்கும். அந்த 1952 வைன்தான் முதல் பார்க்கா வெல்யா. போத்தலில் அடைத்துப் பல வருடம் வைத்துப் பார்த்து, மிகச் சிறந்ததென்று தோன்றினால் மட்டுமே அந்தப் பெயரில் வெளியே விடுவார்கள். இல்லாவிட்டால் வேறு பெயரில் விற்றுவிடுவார்கள். எழுபது வருடத்தில் ஏறக்குறைய இருபது தடவைதான் அந்தப் பெயர் வெளிவந்திருக்கிறது.

சரி, மூடிய போத்தலுக்குள் என்ன நடக்கிறது? புது வைனின் ஊதாச் சிவப்புக்குக் காரணமான தனி அந்தோசயனின்கள் நிலையற்றவை. சில வருடங்களில் பெரும்பாலும் கரைந்து போய்விடும். ஆனால் போகிற வழியில் அவற்றில் ஒரு பகுதி தனினோடு பிணைந்து பெரிய, உறுதியான நிறமூலக்கூறுகளாகிறது. இந்தப் பிணைப்புக்குத் தரகர் வேலை பார்ப்பது அசற்றல்டிகைட்டு. அற்ககோலில் ஒரு துளி ஒட்சியேறினால் பிறக்கும் பொருள் அது. அதற்கு ஒட்சிசன் வேண்டும், ஆனால் மிக மிகக் கொஞ்சம். நல்ல தக்கை வருடத்துக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில்தான் ஒட்சிசனை உள்ளே விடும். அதற்கு மேலே போனால் வைன் பழுப்பாகித் தட்டையாகும். இந்தத் தக்கைக்கும் போர்த்துக்கல்தான் தாயகம். உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்து வருகிறது. தக்கை ஓக் மரத்தில் ஏறக்குறைய 25 வயதில் முதற் பட்டையை உரிப்பார்கள். பிறகு ஒன்பது வருடத்துக்கு ஒரு தடவை. முதல் இரண்டு உரிப்பும் போத்தலுக்கு ஆகாது. ஒரு மரம் போத்தல் தக்கை தருவதற்குள் நாற்பது வயதைத் தாண்டிவிடும்.

டூரோவில் செய்யும் போர்ட் வைனின் நிறம் பல வருடம் எப்படி நிற்கிறது என்று போர்ட்டோப் பல்கலைக்கழக இரசாயனவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அந்தோசயனினிலிருந்து முதிர்ச்சியில் புதிதாகப் பிறக்கும் நீலச்சாயல் கொண்ட நிறப்பொருள்களை இந்த நூற்றாண்டின் தொடக்க வருடங்களில் இனங்கண்டு 'போர்ட்டிசின்' என்று பெயரிட்டார்கள். தனினின் கதைதான் இன்னும் முடியவில்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெருத்துப் பாரம் தாங்காமல் வண்டலாக அடியில் இறங்குவதால் துவர்ப்புக் குறைகிறது என்று முன்பு பாடம் சொன்னார்கள். பாதி சரி. வைனின் அமிலம் நீண்ட தனின் சங்கிலிகளை அறுக்கவும் செய்கிறது. அறுந்த துண்டு அந்தோசயனினோடு சேர்ந்தால் அது உமிழ்நீர்ப் புரதத்தை முன்போல இறுக்கிப் பிடிப்பதில்லை. எப்படியோ, இருபது வருடத்தில் கடுப்பு மெல்லிய துவர்ப்பாகிறது. புதுப்பழ வாசனை தரும் எசுத்தர்கள் நீராற்பகுப்பில் சிதைய, அவற்றின் கீழே மறைந்திருந்தவையும் புதிதாகப் பிறந்தவையும் மேலே வருகின்றன.

இதையெல்லாம் கண்ணாலும் மூக்காலும் சோதிக்கலாம். வண்டல் இறங்குவதற்குப் போத்தலை ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள். மெதுவாகத் திறந்து, கிளாசில் மூன்றிலொரு பங்குக்கு மேலே விடாமல் ஊற்றி, வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் சரித்துப் பாருங்கள். விளிம்பு ஊதாவாக இருந்தால் இளசு. செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் முதிர்ந்தது. முழுவதும் பழுப்பென்றால் காலம் கடந்துவிட்டது. வாசனையைச் சொல்ல மேலைநாட்டுப் புத்தகங்கள் தரும் சீடார் மரத்தையும் கறுப்புக் கரன்ட் பழத்தையும் தேடி அலைய வேண்டாம். பார்த்திராத பழத்தை எப்படி மணப்பது? இளம் தூரிகாவில் நாவற்பழமும் ஏதோ ஒரு பூவும் மணக்கும். முதிர்ந்த பாகாவில் கொட்டிலில் தொங்கவிட்ட புகையிலை, காய்ந்த ஈச்சம்பழம், பழைய தோல், முதல் மழை விழுந்த காட்டு மண். வன்னி மூக்குக்கு இந்தப் பட்டியல் தாராளமாகப் போதும்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்றொரு விதி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த அறை ஐரோப்பியக் கல்வீட்டு அறை. 16, 18 பாகை. கிளிநொச்சியில் பங்குனி மாதத்து அறை வெப்பநிலையில் ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது வெறும் அற்ககோல் ஆவிதான். திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் பிரிட்ஜில் வைப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். உறைப்புக் கறியோடும் கவனம் தேவை. மிளகாயின் கப்சயிசின் எந்த வெப்ப உணர்வு வாங்கியைத் தூண்டுகிறதோ அதே வாங்கியை எதனோலும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகி வைனின் சுவை காணாமல் போகும். நண்டுக் கறியோடு 14 நூற்றுவீத வைன் குடித்துவிட்டு வைனைக் குறை சொல்வது நியாயமில்லை. கருவாட்டோடும் சேராது, சிவப்பு வைனிலுள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் வெடுக்கைக் கிளப்பும். உறைப்புக் குறைத்து மிளகு போட்டு வறுத்த ஆட்டிறைச்சிதான் பொருத்தம். தனின் பிடித்துக்கொள்ள இறைச்சிப் புரதம் கிடைக்கும், உமிழ்நீர் தப்பிக்கும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். வைன் விடயத்தில் வன்னிக்கு உண்மையான வழக்கு காலத்தோடு அல்ல, வெப்பத்தோடு. வைனை வைத்துப் பாதுகாக்க உகந்த வெப்பநிலை 12 முதல் 14 பாகை. இரசாயனத் தாக்கங்கள் பல, பத்துப் பாகை கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். அப்படியென்றால் 29 பாகையில் மூன்று மடங்கு வேகம், ஐந்து வருடத்திலேயே பதினைந்து வருட வைன் கிடைத்துவிடுமே என்று கணக்குப் போடத் தோன்றும். கணக்கு தவறும். எல்லாத் தாக்கமும் ஒரே வீதத்தில் வேகமாவதில்லை. நிறமும் தனினும் பிணைவது ஒரு வேகம், கந்தகவீரொட்சைட்டு தீர்வது இன்னொரு வேகம், பழுப்பாதல் வேறொரு வேகம். சூட்டில் ஒழுங்கு குலைந்துவிடும். காவல் முதலில் போகும், வாசனை அடுத்துப் போகும், கடுப்பு மட்டும் மிஞ்சும். அவித்த கொடிமுந்திரியின் மணம் அடிக்கும் அந்த வைனை முதிர்ந்தது என்று சொல்ல முடியாது. வெந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தக்கைக்கும் ஆபத்து. 13 பாகையிலிருந்து 33 பாகைக்குப் போனால் 750 மில்லிலீற்றர் வைன் ஏறக்குறைய 4, 5 மில்லிலீற்றர் விரிகிறது. தக்கைக்குக் கீழே விட்டிருக்கும் வெற்றிடமும் அவ்வளவுதான். வைன் தக்கையைத் தள்ளும், ஓரத்தால் கசியும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அதே வழியால் காற்றை உள்ளே இழுக்கும். சில மாதம் இப்படி ஏறி இறங்கினால் போதும்.

நிலத்துக்குக் கீழே அறை வெட்டினால் என்ன? ஐரோப்பாவில் நிலவறை குளிர்ந்திருக்கக் காரணம் மண்ணின் மாயமல்ல. சில மீற்றர் ஆழத்துக்குப் பிறகு கோடையும் மாரியும் மண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த இடத்தின் வருடச் சராசரி வெப்பநிலையிலேயே அது நிற்கும். வட போர்த்துக்கல்லில் அது 15 பாகையளவு. வன்னியில் 28. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். எவ்வளவு ஆழத்துக்கு வெட்டினாலும் அந்த 28தான். பதுங்குகுழி வெட்டி அதற்குள் இருந்த சனத்துக்கு மண்ணுக்குள் எவ்வளவு வெக்கை, மாரியில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஊறும் என்று நான் எழுத வேண்டியதில்லை. போர்த்துக்கல்லுக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. டூரோவில் செய்த போர்ட் வைனை அந்த வெக்கையில் வைத்திருக்காமல், ஆற்று வழியே வள்ளத்தில் இறக்கிக் கடலோரமாயுள்ள குளிர்ந்த ஈரமான வில்லா நோவா தெ கையாவில் வைத்து முதிர்வித்தார்கள்.

பூநகரிக் கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயருக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்த அவர்கள் காலத்தில் பழைய வைன் என்றால் கெட்ட வைன். அன்று வைன் மரப்பீப்பாவில் வந்தது. அறுவடையாகி ஒரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஒரே அளவான கண்ணாடிப் போத்தலும் இறுக்கமான தக்கையும் சேர்ந்து, படுக்க வைத்து முதிர்விக்கும் பழக்கம் வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டில். அதற்குள் அவர்கள் இங்கிருந்து போய்விட்டார்கள்.

ஆனால் அவர்களுடைய கப்பற் பாதையே வெப்பத்துக்கு ஒரு விடையைக் கண்டுபிடித்தது. மதேராத் தீவில் ஏற்றிய வைன் வெப்பவலயத்தைக் கடந்து கப்பலடியில் மாதக்கணக்கில் வெந்து, விற்காமல் திரும்பி வந்தபோது அது போனபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது. பிறகு வேண்டுமென்றே பீப்பாக்களைக் கப்பலேற்றிச் சுற்றிவர அனுப்பினார்கள். இன்று கப்பல் இல்லை; தொட்டியில் 45 முதல் 50 பாகை வரை குறைந்தது மூன்று மாதம் சூடாக்குகிறார்கள், அல்லது வெயில் படும் மேல்மாடியில் பீப்பாவோடு பல வருடம் விட்டுவிடுகிறார்கள். திராட்சைச் சாராயம் சேர்த்து அற்ககோலை 18, 20 நூற்றுவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். சூடும் காற்றும் செய்யக்கூடிய கெடுதலையெல்லாம் செய்து முடித்த பிறகு விற்கிற வைன் அது. வன்னி வெயில் அதற்குப் புதிதாக என்ன செய்துவிடும்? கத்தோலிக்கத் திருச்சபையும் இதே வழியில்தான் போனது. பூசைக்குரிய வைன் புளித்து வினாகிரியானால் பூசைக்கு ஆகாது. ஆகவே தூரதேசங்களுக்குப் போகும் வைனில் திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்து 18 நூற்றுவீதம் வரை உயர்த்திக்கொள்ள 1896இல் உரோமை அனுமதித்தது.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் விமான நிலையத்தில் வாங்கிவந்த போத்தல் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பக்கத்துக் கண்ணாடி அலுமாரியில், ரியூப்லைற் வெளிச்சத்தில், வருடக்கணக்கில் நிமிர்ந்து நிற்கிறது. பழசானால் விலை கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உலகில் விற்கும் வைனில் பெரும்பங்கு வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஐரோப்பிய நிலவறையில் வைத்தாலும் அது உயராது. உண்மையிலேயே முதிரக்கூடிய பாகாவோ தூரிகாவோ வந்து சேர்ந்திருந்தாலும் தகரக் கூரையின் கீழே இரண்டு கோடையில் அதன் கதை முடிந்துவிடும். நிமிர்த்தி வைத்தால் தக்கை உலர்ந்து சுருங்குவதும், வெளிச்சம் வாசனையைக் கெடுப்பதும் வேறு. 13 பாகையில் இயங்கும் வைன் பிரிட்ஜ் வாங்குபவர்கள் மின்வெட்டுக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். சாதாரணப் பிரிட்ஜின் கீழ்த்தட்டு சில மாதங்களுக்குப் பரவாயில்லை.

கசிப்பு எத்தனை குடும்பங்களைத் தின்றதென்று கண்ட மண்ணில் இதை எழுதுகிறேன் என்பது தெரியும். ஒரு போத்தலை நான்கு பேர் சோற்றோடு இரண்டு மணி நேரம் குடிப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. நாவற்பழத்தில் முக்கால்வாசிப் பாடம் இருக்கிறது.

குடிப்பவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். சிவப்பு வைன் கையில் கிடைத்தால், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வரும் நத்தாருக்குள் குளிர்வித்துத் திறந்துவிடுங்கள். முதிர்ந்த பாகாவைச் சுவைக்க ஆசையென்றால் அதை முதிர்வித்து வைத்திருப்பவரிடம், குளிர்நாட்டிலேயே குடியுங்கள். வன்னியில் வருடக்கணக்கில் வைத்திருக்க ஒரு போர்த்துக்கல் போத்தல் வேண்டுமானால் மதேராவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த தெரிவு 10 அல்லது 20 வருடம் என்று குறித்த டோனி போர்ட். மரப்பீப்பாவில் காற்றோடு பழகி முடித்த அதுவும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும், திறந்த பிறகும் பிரிட்ஜில் சில வாரம் நிற்கும். மதேராவை நிமிர்த்தி வைக்கலாம், திறந்து மாதக்கணக்கில் வைத்தும் குடிக்கலாம்.